மலிவான சீட்டும் கிடைக்காத இடமும்



பொருளாதாரம் பயிற்றுவித்தே தலை நரைத்த ஒருவனை அழைத்து, விரும்பிய பொருளைப் பற்றிப் பேசலாம் என்று உரிமையும் கொடுத்துவிட்டால், அவன் நாணயத்தின் மதிப்பைப் பற்றியோ அந்நியச் செலாவணியைப் பற்றியோ பேசுவான் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நான் ரயில் கட்டணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சர்க்காரே நிர்ணயித்து, ஆண்டுக்குப் பல நூறு கோடித் தடவை ஜனங்கள் தம் கையாலேயே எண்ணிக் கொடுக்கும் விலை நம் தேசத்தில் இதைப்போல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதை உயர்த்தத் துணிந்த ஒரு மந்திரி பதவியையே இழந்தார் என்பதையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2012 மார்ச்சு மாதத்தில் தினேஷ் திரிவேதி தமது ரயில்வே பட்ஜெட்டில் சாதாரண வகுப்புக்குக் கிலோமீட்டருக்கு இரண்டே பைசா கூட்டினார். அவருடைய கட்சித் தலைமையே வெகுண்டெழுந்ததால் சில தினங்களுக்குள் ராஜிநாமாச் செய்தார். அவருக்குப் பின் வந்தவர் கீழ்வகுப்புகளின் உயர்வைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இந்த இரண்டு பைசாவுக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது என்று அறிய, கொஞ்சம் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1845-ஆம் ஆண்டில் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் டைரக்டர்கள், இந்தியாவில் ரயில் போடுவதைப் பற்றித் தங்கள் அபிப்பிராயத்தை எழுதியனுப்பியபோது, இங்கிலாந்தில் பிரயாணிகளால்தான் வருமானம் மிகுதி, இந்தியாவிலோ ஜனங்கள் ஏழைகள், ஆகையால் சரக்குகளையே நம்பவேண்டியிருக்கும் என்று கருதினார்கள். ஜாதி ஆசாரம் பார்க்கிறவர்கள் ஒரே பலகையில் நெருங்கி உட்காரச் சம்மதிப்பார்களா என்ற ஐயமும் அக்காலத்துத் துரைமார் பலருக்கு இருந்தது. 1853-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கும், 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கும் வண்டி ஓடத் தொடங்கிய பின், சில ஆண்டுகளுக்குள்ளேயே இந்த ஐயங்களெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயின. மேல்வகுப்புப் பெட்டிகள் பாதி காலியாக ஓட, மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் மூச்சுவிட இடமில்லை. ராமேசுவரத்துக்குக் கால்நடையாகப் போகிறவன் வழியெல்லாம் கட்டுச்சோற்றுக்கும் சத்திரத்துக்கும் செலவிட்டதோடு அத்தனை நாள் கூலியையும் இழந்தான். அவனுக்கு ரயில் சார்ஜு ஒரு செலவாகவே தோன்றவில்லை, மிச்சமாகத் தோன்றிற்று. ஏழை பிரயாணம் செய்யமாட்டான் என்று டைரக்டர்கள் போட்ட கணக்கில் இந்த நாட்கூலி விட்டுப்போயிருந்தது.

ஆனால் கூட்டம் வந்ததே தவிர, கூட்டத்துக்கேற்ற இடம் வரவில்லை. 1917-ஆம் ஆண்டில் காந்தியடிகள் பம்பாயிலிருந்து நம் சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த அனுபவத்தை ஒரு சிறு பிரசுரமாக எழுதினார். பதின்மூன்று ரூபாய் ஒன்பதணா கொடுத்து அவர் ஏறிய பெட்டியில் 22 பேர் என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தை மதித்தவர் எவருமில்லை. அந்தப் பிரசுரத்தில் அவர் கட்டணம் அதிகம் என்று முறையிடவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்கவேண்டும். முதல் வகுப்புக்காரர் ஐந்து மடங்குக்கு மேல் கொடுக்கிறார் என்பதை ஒப்புக்கொண்டு, அவர் பெறும் சௌகரியத்தில் ஐந்தில் ஒரு பங்கேனும், பத்தில் ஒரு பங்கேனும் மூன்றாம் வகுப்புக்காரனுக்குக் கிடைக்கிறதா என்றே வினவினார். கொடுத்த பணத்துக்குக் கிடைத்த இடம் எது என்ற அந்தக் கேள்விதான் இன்றைய என் சொற்பொழிவின் பொருளும்.

இனி எண்களுக்கு வருகிறேன். 1950-51-இல் நம் ரயில்களில் நிகழ்ந்த பிரயாணங்கள் ஏறத்தாழ 128 கோடி. 2018-19-இல் ஏறத்தாழ 844 கோடி. ஒவ்வொருவரும் சென்ற தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் பெருக்கம் பதினேழு மடங்குக்கும் மேல். இதே காலத்தில் இருப்புப் பாதையின் நீளமோ 53,596 கிலோமீட்டரிலிருந்து 67,400 கிலோமீட்டர் அளவுக்கே, அதாவது நான்கில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டி, வளர்ந்தது. இரட்டைப் பாதையும் மின்சாரமும் நீண்ட வண்டிகளும் வந்து இந்த வித்தியாசத்தின் ஒரு பகுதியைத் தாங்கின. எஞ்சியதை நின்றுகொண்டு சென்ற பிரயாணிகளின் கால்கள் தாங்கின.

இந்த எண்களைப் பார்க்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். இவை தலைகளின் எண்ணிக்கையல்ல, பிரயாணங்களின் எண்ணிக்கை. தாம்பரத்திலிருந்து கோட்டை நிலையத்துக்கு ஆபீசுக்குச் சென்று திரும்புகிறவர் ஒரே நாளில் இரு பிரயாணிகளாகக் கணக்கில் ஏறுகிறார். மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்டவை இத்தகைய புறநகர்ப் பிரயாணங்களே. அவற்றிலும் பெரும்பங்கு பம்பாய் நகரத்தினுடையது. 1931-லிருந்து மின்சார ரயில் ஓடும் நம் கடற்கரை–தாம்பரம் பாதை அதற்கு அடுத்த வரிசையில் ஓர் அடக்கமான இடத்தைப் பெறும்.

பிறகு கொள்ளைநோய் வந்தது. 2020-21-இல் பிரயாணங்களின் தொகை ஏறத்தாழ 125 கோடிக்கு இறங்கியது. எழுபது ஆண்டுகளின் ஏற்றத்தை ஒரே ஆண்டு அழித்து, நம்மை 1950-51-ஆம் ஆண்டுக்குச் சற்றுக் கீழேயே கொண்டுபோய் நிறுத்தியது. அதன் பின் ஆண்டுதோறும் கூட்டம் ஏறி, 2023-24-இல் ஏறத்தாழ 690 கோடியாயிற்று. பிரயாணிகள் பெருகுகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதுவது இந்த ஏற்றத்தைத்தான். அது உண்மையே. ஆனால் இன்னும் பழைய உச்சத்தை நாம் எட்டவில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மையை எழுதுகிறவர்கள் குறைவு.

இப்போது வருமானத்தைப் பாருங்கள். 844 கோடிப் பிரயாணங்களுக்கு 2018-19-இல் பிரயாணிகளிடமிருந்து வந்த தொகை ஏறத்தாழ 51,000 கோடி ரூபாய். 690 கோடிப் பிரயாணங்களுக்கு 2023-24-இல் வந்ததோ 70,000 கோடிக்கும் மேல். ஒரு பிரயாணத்துக்குச் சராசரி அறுபது ரூபாயாக இருந்தது நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. இந்த ஐந்தாண்டுகளில் எல்லோரும் அறிய அறிவிக்கப்பட்ட கட்டண உயர்வு எவ்வளவு என்று கேட்டால், 2020 ஜனவரி முதல் தேதியன்று குளிர்சாதனமில்லாத சாதாரண வண்டிகளில் கிலோமீட்டருக்கு ஒரு பைசா, அத்தகைய மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் இரண்டு பைசா, குளிர்சாதன வகுப்புகளில் நான்கு பைசா. புறநகர் வண்டிகளுக்கும் சீசன் டிக்கெட்டுகளுக்கும் ஒன்றுமில்லை. இந்தப் பைசாக்களை எப்படிக் கூட்டினாலும் அறுபது நூறாகாது. நோய்க்குப் பின் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள் மிகுந்து, ஐந்து ரூபாய்ப் புறநகர்ச் சீட்டுகள் குறைந்ததாலும் சராசரி உயர்ந்திருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை. அதைக் கழித்த பின்னும் விளக்கம் வேண்டி நிற்பது கொஞ்சமல்ல. கட்டணத்தை உயர்த்தாமலே கட்டணம் உயர்ந்திருக்கிறது. மலிவான சீட்டின் விலை அப்படியே இருக்க, அந்தச் சீட்டு கிடைக்கும் இடங்கள் சுருங்கியிருக்கின்றன.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் பாசஞ்சர் வண்டி. ஒவ்வொரு நிலையத்திலும் நின்று, கீரைக்கட்டும் பால் கேனும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறி இறங்கிச் செல்லும் அந்த வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாயாக இருந்தது. 2020-இல் வண்டிகளெல்லாம் நின்று, பிறகு ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கியபோது, அவற்றுக்குச் சிறப்பு எக்ஸ்பிரஸ் என்னும் பெயர் சூட்டப்பட்டது. பெட்டிகள் அவையே, நிற்கும் நிலையங்களும் ஏறக்குறைய அவையே. குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் முப்பது ரூபாய். அரக்கோணம் பக்கத்துச் சிறு நிலையத்திலிருந்து கத்தரிக்காய்க் கூடையோடு ஏறும் ஒரு பெண்மணியை எண்ணிப் பாருங்கள். கூடைக்கு மேல் ஈரச்சாக்கு, இடுப்பில் சுருக்குப்பை, அதில் சில்லறை. போக இருபதும் வர இருபதுமாக நாற்பது ரூபாய் அதிகம் என்றால், அன்றைய லாபத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று நிதி மந்திராலயத்தில் எவரும் கணக்கிட்டிருக்கமாட்டார்கள். அவள் கணக்கிட்டிருப்பாள். சில ஆண்டுகள் இது நீடித்து, 2024 பிப்ரவரியில்தான் பழைய பத்து ரூபாய் திரும்பியது. இரண்டு பைசாவுக்கு ஒரு மந்திரியை வீட்டுக்கு அனுப்பிய தேசம், பத்து முப்பதானபோது பெரிதாக ஓசை எழுப்பவில்லை. முன்னதற்குக் கட்டண உயர்வு என்று பெயரிருந்தது. பின்னதற்கு அந்தப் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது உதாரணம் இரவு வண்டிகளின் பெட்டி வரிசை. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல் ஒழிந்தது. ஜனதா சர்க்காரில் ரயில்வே மந்திரியாயிருந்த மது தண்டவதே இரண்டாம் வகுப்புப் படுக்கைகளின் மரப்பலகைக்கு மேல் மெத்தென்ற பஞ்சணையைப் போட ஏற்பாடு செய்தார். என் தலைமுறையினருக்கு அது ஒரு சமூகப் புரட்சியாகவே தோன்றிற்று. அந்தப் படுக்கை வசதிப் பெட்டிதான் நடுத்தரக் குடும்பத்தாரின் சொந்தப் பெட்டியாக நீண்ட காலம் விளங்கியது. அண்மை ஆண்டுகளிலோ பல வண்டிகளில் அப்பெட்டிகள் சில கழற்றப்பட்டு, மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டிகள் அவற்றின் இடத்தில் கோக்கப்பட்டன. இரண்டுக்கும் கட்டணத்தில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வித்தியாசம். ஸ்லீப்பரில் வெயிட்டிங் லிஸ்டு நூற்றைத் தாண்டிவிட்டதைக் கண்ட குடும்பத்தலைவர், பெண்ணின் பரீட்சைக்கோ தங்கையின் வளைகாப்புக்கோ போயே தீரவேண்டியிருப்பதால், மேல் வகுப்புக்குப் பணம் கட்டுகிறார். அதற்கும் வழியில்லாதவர் தட்கலில் காலைப் பொழுதைச் செலவிடுகிறார். ஜனங்கள் குளிர்சாதனத்தையே விரும்புகிறார்கள் என்று புள்ளிவிவரம் பின்னர் கூறும். விரும்பியவர்களும் உண்டு; அவர்களை நான் குறை கூறவில்லை. விருப்பத்தையும் வேறு வழியின்மையையும் ஒரே பத்தியில் கூட்டும் புள்ளிவிவரத்தைத்தான் குறை கூறுகிறேன்.

வேறு வழியே இல்லாதவர்கள் எங்கே போகிறார்கள் என்று காண விரும்புகிறவர் ஒரு பண்டிகைக் காலத்து மாலையில் எழும்பூர் நிலையத்துக்குப் போகலாம். வண்டி பிளாட்பாரத்துக்கு வருவதற்கு வெகுநேரம் முன்பே, முன்பதிவில்லாத பெட்டி நிற்குமிடத்தில் ரயில்வே போலீசார் ஜனங்களை வரிசையாக உட்காரவைத்திருப்பார்கள். வண்டி ஊர்ந்து நுழையும்போதே வரிசை குலைந்துவிடும். ஜன்னல் கம்பிகளுக்கிடையே துண்டை வீசி இடம் பிடிப்பவர், சாமான் வைக்கும் மேற்பலகையில் ஏறிக் காலை மடக்கிக்கொள்பவர், இரு பலகைகளுக்கு நடுவே சேலையால் தூளி கட்டிக் குழந்தையை விடுபவர், கழிவறைக்கு முன்னால் செய்தித்தாளை விரித்து உட்காரும் கட்டடத் தொழிலாளர் – திருநெல்வேலி வரை இரவு முழுதும் இப்படியே. நூறு பேருக்கென்று அமைந்த பெட்டியில் எத்தனை பேர் என்று எண்ணப் பரிசோதகர் உள்ளே நுழைவதில்லை, நுழையவும் முடியாது. இவர்களும் முழுக் கட்டணம் கொடுத்தவர்கள். அதே இரவு ஆம்னி பஸ்களில் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் இவர்களுடைய சீட்டு மிக மலிவு என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த மலிவை அவர்கள் தங்கள் முதுகெலும்பால் ஈடுகட்டுகிறார்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்கவேண்டும், அது அற்பமானதல்ல. சில ஆண்டுகளாக ரயில் சீட்டிலேயே, பிரயாணச் செலவில் சராசரியாக 57 சதவிகிதத்தையே ரயில்வே திரும்பப் பெறுகிறது என்று அச்சிட்டுவந்தார்கள். 2025 மார்ச்சில் ரயில்வே மந்திரி அசுவினி வைஷ்ணவ் ராஜ்ய சபையில் கூறிய கணக்கின்படி, ஒரு பிரயாணியை ஒரு கிலோமீட்டர் ஏற்றிச்செல்ல 1 ரூபாய் 38 பைசா ஆகிறது. வாங்குவதோ 73 பைசா. எஞ்சிய நஷ்டத்தை ஈடுசெய்வது சரக்கு வண்டி, அதிலும் முக்கியமாக நிலக்கரி. நிலக்கரிக்கு அதிகமாக வாங்கும் வாடகை அனல்மின் நிலையத்தின் செலவாகி, மின்சார பில்லாக நம் வீட்டுக்கே வந்து சேருகிறது. ரயிலில் கால் வைக்காத ஏழையும் இவ்வழியில் ரயில் கட்டணத்தில் ஒரு பங்கைச் செலுத்துகிறான் என்பதை மறுக்க என்னால் இயலாது.

ஆயினும் அந்த 1 ரூபாய் 38 பைசா வேதவாக்கல்ல. பிரயாணி வண்டியும் சரக்கு வண்டியும் ஒரே தண்டவாளத்தில், ஒரே சிக்னலில், ஒரே நிலைய அதிகாரியின் கொடியசைவில் ஓடுகின்றன. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான கிணற்றைத் தூர் எடுத்தால், நெல்லுக்கு இறைப்பவன் எவ்வளவு, குடிக்க மொள்பவன் எவ்வளவு கொடுப்பது என்பதைப் பஞ்சாயத்துதான் தீர்மானிக்கிறது, கிணறு தீர்மானிப்பதில்லை. ரயில்வேயின் செலவுப் பங்கீடும் அத்தகைய ஒரு தீர்ப்பே. வேறு விதமாகப் பங்கிட்டால் நஷ்டம் கூடலாம், குறையலாம். ஆகவே அந்தச் சதவிகிதத்தைப் பிரயாணியின் கையிலிருக்கும் சீட்டிலேயே அச்சிட்டு, நீ பிறர் தயவில் போகிறாய் என்று நினைவூட்டுவது எனக்கு ரசக்குறைவாகவே பட்டது. சாலையில் கார் ஓட்டுகிறவரிடம் அந்தச் சாலைக்கு ஆன செலவை எவரும் அப்படி நினைவூட்டுவதில்லை.

அப்படியானால் கட்டணத்தை உயர்த்தவே கூடாதா? உயர்த்தலாம் என்பதே என் கட்சி. மாணவர்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. 2025 ஜூலை முதல் தேதி நடந்த உயர்வை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண இரண்டாம் வகுப்பில் 500 கிலோமீட்டர் வரை ஒன்றுமில்லை, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு அரைப் பைசா, குளிர்சாதனமில்லாத எக்ஸ்பிரஸில் ஒரு பைசா, குளிர்சாதனத்தில் இரண்டு. எழும்பூரிலிருந்து மதுரைக்கு ஸ்லீப்பரில் போகிறவருக்கு இது ஐந்து ரூபாய் அளவு. ஸ்டாலில் ஒரு காபிக்குக்கூடப் போதாது. இப்படிப்பட்ட சிறு உயர்வு ஆண்டுதோறும், எல்லோரும் அறிய, முறைப்படி வந்தால் ஸ்லீப்பர் பிரயாணி அதைத் தாங்குவார். தமக்கு ஒரு படுக்கை நிச்சயம் என்றால் மகிழ்ச்சியோடும் கொடுப்பார். முன்பதிவில்லாத வகுப்பையும் சீசன் டிக்கெட்டையும் இதில் சேர்க்கக்கூடாது. முதியோர் சலுகையையும் மீட்டுத் தரவேண்டும். அறுபது கடந்த ஆடவருக்கு 40 சதவிகிதமும் ஐம்பத்தெட்டு கடந்த பெண்டிருக்கு 50 சதவிகிதமுமாக இருந்த அது, 2020 மார்ச்சில் நோயைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. நோய் போன பின்பும் வரவில்லை. எல்லா வகுப்பிலும் வேண்டாம், ஸ்லீப்பரில் மட்டும் தந்தால் போதும் என்று விட்டுக்கொடுக்கவும் நான் தயார்.

விலையைப் போலவே இடத்துக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று சொல்வது புதுமையான யோசனையல்ல. 1844-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட், கிளாட்ஸ்டன் வர்த்தக மந்திரியாயிருந்த காலத்தில், ரயில் கம்பெனிகளுக்கு ஒரு கட்டளை பிறப்பித்தது. மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்கக்கூடாது என்பதோடு அக்கட்டளை நின்றுவிடவில்லை. அந்தக் கட்டணத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு திசையிலும் ஒரு வண்டியேனும் ஓடவேண்டும், எல்லா நிலையங்களிலும் நிற்கவேண்டும், மணிக்கு 12 மைலுக்குக் குறையாத வேகத்தில் செல்லவேண்டும், பிரயாணிகளுக்கு ஆசனம் இருக்கவேண்டும், மழையும் காற்றும் படாத பாதுகாப்பு இருக்கவேண்டும் என்றெல்லாம் விதித்தது. விலையை மட்டும் கட்டுப்படுத்தினால் கம்பெனிக்காரன் பொருளைச் சுருக்கிவிடுவான் என்பது கிளாட்ஸ்டனுக்குத் தெரிந்திருந்தது. நம்முடைய சர்க்காரே கம்பெனிக்காரனாகவும் இருப்பதால், இந்த எளிய எச்சரிக்கை நமக்குத் தேவையில்லை என்று நாம் எப்படியோ நினைத்துவிட்டோம்.

நல்ல அறிகுறிகள் இல்லாமலில்லை. தாம்பரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு முழுவதும் முன்பதிவில்லாத பெட்டிகளோடு அந்த்யோதயா வண்டி ஓடுகிறது. குளிர்சாதனமில்லாத அம்ருத் பாரத் வண்டிகள் 2023 டிசம்பர் முதல் வரத் தொடங்கியிருக்கின்றன. குளிர்சாதனமில்லாத பெட்டிகள் ஏறத்தாழப் பதினாயிரம் செய்யப்படும் என்று 2024-இல் அறிவித்தார்கள். மறுபுறம், 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கற்பட்டு மார்க்கத்தில் குளிர்சாதனப் புறநகர் வண்டி ஒன்று வந்தது. சாதாரண வண்டியில் ஐந்து ரூபாய் குறைந்தபட்சம் என்றால், இதில் முப்பத்தைந்து. வெயிலில் வெந்தவர்கள் ஏறட்டும், நல்லதே. அந்த வண்டிக்காகச் சாதாரண வண்டி ஒன்று கால அட்டவணையிலிருந்து கழியாதவரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

நேரு 1955 அக்டோபர் 2-ஆம் தேதி திறந்துவைத்த பெரம்பூர்ப் பெட்டித் தொழிற்சாலையில்தான் வந்தே பாரத்தும் பிறந்தது, அம்ருத் பாரத்தும் பிறந்தது. அங்கே உள்ள தொழிலாளிக்கு இரண்டையும் ஒரே திறமையோடு செய்யத் தெரியும். எந்த ஆண்டு எந்தப் பெட்டி எத்தனை என்னும் உற்பத்தித் திட்டத்தைத் தீர்மானிப்பது டில்லியிலுள்ள ரயில்வே போர்டு. கட்டண உயர்வு என்ற சொல் காதில் விழுந்தவுடன் மனு எழுதத் தொடங்கும் நம் பிரயாணிகள் சங்கங்கள், இனி அந்தத் திட்டம் வெளியாகும் மாதத்தில் மனு எழுதட்டும்; ஒவ்வொரு வண்டியிலும் சென்ற ஆண்டு சாதாரண வகுப்பில் எத்தனை இடங்கள் இருந்தன, இந்த ஆண்டு எத்தனை இருக்கின்றன என்ற இரண்டு எண்களை வண்டிவாரியாக வெளியிடும்படி கேட்கட்டும்.